சிப்பிமேட்டுச் சத்தியம்

பூமாரி, விளக்கைத் தூண்டாதே. அம்மா விழித்துக்கொள்வாள். இப்படித் திரும்பிப் படு, காதோடு சொல்கிறேன். என் தலையை வைத்துத்தான் சிப்பிமேட்டு வீடுகள் நிற்பதா போவதா என்று முடிவானது. அது உனக்கும் தெரியும், சங்கரன்கோவிலில் பாதிப் பேருக்கும் தெரியும். தெரியாதது கொஞ்சம் இருக்கிறது. அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு அடைத்துவிடும்.

நீ கடலைப் பார்த்ததில்லை. தூத்துக்குடி என்றால் எல்லா வாசலும் கடலைப் பார்த்து இருக்கும் என்று நினைக்கிறாய். அப்படி இல்லை. துறைக்கும் உப்பளத்துக்கும் நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு கிடப்பது எங்கள் சிப்பிமேடு. முப்பது நாற்பது வீடுகள், எல்லாம் ஓலை. தாவூது மாமா வீடு மட்டும் ஓடு. கடல் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அரிசிப் பானைக்குள்கூட அதன் ஈரம் இருக்கும். உப்பு எந்த வீட்டிலும் கட்டியாகத்தான் கிடக்கும், தீப்பெட்டியைத் தலையணைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவோம்.

அடுப்புக்குக் குழி தோண்டினால் மண் வராது, சிப்பி வரும். ஏனென்றால் அந்த இடமே மனிதர்கள் கொட்டி உண்டாக்கியது. தாது வருசப் பஞ்சத்தில் குருவிகுளம் கரிசலில் இருந்து ஏழெட்டுக் குடும்பங்கள் பிழைக்கப் போயின. ஊருக்குள் அவர்களை யாரும் சேர்க்கவில்லை. உப்புத் தண்ணீர் ஏறி இறங்கும் ஒரு சேற்றுப் பள்ளம் யாருக்கும் வேண்டாமல் கிடந்தது. சிப்பிக் கிடங்குகளில் அழுகிய சதையை எடுத்துவிட்டு ஓட்டை எறிவார்களே, அந்த ஓட்டைச் சுமந்து வந்து பள்ளத்தில் கொட்டினார்கள். கொழும்பிலிருந்து சரக்கில்லாமல் திரும்பும் தோணிகள், காற்றில் கவிழாமல் இருக்க மண்ணும் கல்லும் ஏற்றி வரும். துறைக்கு வந்ததும் அதைத் தள்ளிவிடுவார்கள். அதையும் விடவில்லை. வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்புகிறவர் வெறும் தலையோடு திரும்பக் கூடாது, ஆளுக்கு ஒரு பெட்டி மண் கொண்டுவர வேண்டும். அதுதான் எங்கள் தெருவின் சட்டம். நான் பார்க்கவே அது நடந்தது. புரட்டாசி பிறந்துவிட்டால், மழைக்கு முன்னால், பெரியவர் சின்னவர் எல்லாரும் மண் சுமப்போம்.

எங்கள் வீட்டு வாசலில் மட்டும் தரை செக்கச்செவேல் என்று இருக்கும். தாவூது மாமா தோணியில் போய் வருகிறவர். அந்த இடத்தில் நான் கோலம் போட்டால் நின்று பார்ப்பார்.

"ஏட்டி அன்னக்கிளி, நீ இருக்கது சிலோன் மண்ணுல. பாஸ்போட்டு வச்சிருக்கியா? போலீஸ்காரன் வாரான், ஓடு!"

அவர் பாட்டனாரும் எங்கள் முப்பாட்டனாரும் சேர்ந்துதான் அந்த மண்ணைச் சுமந்தார்கள்.

விடியுமுன் மில் சங்கு ஊதும். ஆண்கள் துறைக்கு மூடை தூக்கப் போவார்கள். பெண்கள் சரக்கு வைக்கும் கிட்டங்கிக்கு, கொழும்புக்குப் போகிற மிளகாயும் வெங்காயமும் பொறுக்க. மிளகாய் பொறுக்கின நாளில் அத்தைமார் கைப்பிள்ளையைத் தூக்க மாட்டார்கள். பிள்ளை பாலுக்கு அழும், தாய் கையை எண்ணெயில் முக்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து அழுவாள். நாங்கள் பெரிய பிள்ளைகள் குழந்தையைத் தூக்கி அவள் மார்பில் பிடித்துக்கொள்வோம், அவள் இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு பால் கொடுப்பாள். நல்ல தண்ணீருக்கு அரை மைல் நடக்க வேண்டும். ஐப்பசியில் தண்ணீர் வானத்திலிருந்தும் வரும், சிப்பிக்குள்ளிருந்தும் வரும். அந்த ராத்திரிகளில் பிள்ளைகள் எல்லாரும் தாவூது மாமா வீட்டில்தான். ஒரே பாயில் பத்துத் தலைகள்.

அந்த இடத்தில்தான் உப்புக் கிட்டங்கி கட்ட வேண்டும் என்று தில்லைநாயகம் பிள்ளைக்குத் தோன்றியது. உங்கள் ஊர்க்காரர்தான். இங்கே பஞ்சுக் கிட்டங்கி, அங்கே உப்பளம். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அவரிடம்தான் வேலை பார்த்தார்கள். பள்ளம் தன் தாத்தாவுடையது, சிப்பிமேட்டுக்காரர்கள் கூலிக்கு நிரப்பிவிட்டு அங்கேயே குடியிருந்துவிட்டார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். பங்குனி மாதம் ஒரு நாள் அவரே நேரில் வந்தார். பூவரச மரத்தடியில் நாற்காலி போட்டோம். உட்காரவில்லை, நின்றுகொண்டே பேசினார்.

"கோர்ட்டுக்குப் போனா ஒங்க பேரன் காலத்துலதான் வே தீர்ப்பு வரும். காயிதம் ஒங்ககிட்டயும் கிடையாது, எங்கிட்டயும் கிடையாது. கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். ஒங்க பாட்டன்மாரு இந்தப் பள்ளத்தத் தூத்தது எங்க தாத்தாகிட்ட கூலி வாங்கிட்டா, இல்ல தங்களுக்குன்னா? நீங்களும் சங்கரன்கோயில் சாமியக் கும்பிடுதவங்க, நானும் அப்படித்தான். அங்கன வச்சு ஒங்க ஆளே சொல்லட்டும். முதல் குடிசை போட்டது காசியோட பாட்டனார்தான? காசி தன் பிள்ளை தலையில கை வச்சுச் சொல்லட்டும். தங்களுக்குன்னு சொல்லிட்டாம்னா நான் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்."

காசி என்றால் எங்கள் அப்பா.

ராமசுப்பு மாமாதான் மூடை தூக்குகிற ஆட்களுக்குத் தலைவர். அவர் சந்தோஷத்தில் ஒரு எட்டு முன்னால் வந்தார். "பிள்ளைவாள், பொறகு வாக்கு மாற மாட்டியளே?"

"சாமி பேரச் சொல்லிட்டு மாறுவனா வே?"

அவர் வண்டி திரும்பியதும் தெருவே சிரித்தது. "கிறுக்குப் பிடிச்ச மனுசன். நம்ம ஆள்கிட்டயே தீர்ப்பக் குடுத்துட்டுப் போறாரே!"

தாவூது மாமா மட்டும் சிரிக்கவில்லை. "அதான் எனக்கு இடிக்குது மாப்ள. எதிராளி நம்ம ஆளத் தேடிப் பிடிச்சு எதுக்குக் கேக்கணும்?"

"நீரு சும்மா இரும். ஒமக்கு எங்க சாமியப் பத்தித் தெரியாது. பெத்த பிள்ளை தலையில கை வச்சு எவன் வே பொய் சொல்லுவான்?"

"சாமியப் பத்தி நான் வாயே தொறக்கல. மனுசனப் பத்தித்தான் சொல்லுதேன்."

"ஏன், காசியச் சந்தேகப்படுதீரோ?"

தாவூது மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா வலது தோளைத் தடவிக்கொண்டு நின்றார். போன வருஷம் ஒரு சிமிட்டி மூடை சரிந்து அந்தத் தோள் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர் மற்றவர்கள் தூக்குவதில் பாதிதான் தூக்குவார். மற்றவர்கள் அவர் பங்கையும் சேர்த்துத் தூக்கிவிட்டு முழுக் கூலி வாங்கிக் கொடுத்தார்கள். அதை அவர் ஒரு நாளும் நல்ல முகத்தோடு வாங்கியதில்லை.

பிள்ளை தலை என்றால் ஆண்பிள்ளை தலை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். தம்பி காளிராஜுக்கு நாலு வயது. அவனுக்கு அன்றிலிருந்து ராஜ உபசாரம். ராமசுப்பு மாமாவின் மனைவி இசக்கியத்தை தினமும் ஏதாவது கொண்டுவந்து வாயில் ஊட்டுவாள். "எங்க வீட்டையெல்லாம் காப்பாத்தப் போற ராசால்லா!" அவளுடைய மூத்த மகள் முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் நான் வீட்டுக்குப் பின்னால் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே அப்பாவும் அம்மாவும். ஓலைச் சுவருக்குக் காது என்ன, வாயே உண்டு.

"காளி வேண்டாம்," என்றாள் அம்மா. "எத்தன கோயில் ஏறி எறங்கிப் பெத்த பிள்ளை அது."

அப்பா புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது.

"பெரியவளக் கூட்டிட்டுப் போங்க. அவ தலைச்சன்தான? கேட்டா, பிள்ளைவாள் தலைச்சனத்தான் கேட்டாருன்னு சொல்லுங்க."

"ம்" என்றார் அப்பா.

என் கையில் இருந்த சாம்பலும் தேங்காய் நாரும் அப்படியே நின்றன. உண்மையைச் சொல்லப் போகிறவருக்கு எந்தப் பிள்ளையாக இருந்தால் என்ன, பூமாரி? உண்மையான சத்தியம் யாரையும் ஒன்றும் செய்யாதே. தம்பியை ஒளிக்க வேண்டிய அவசியம் என்ன? அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்ததை யாரிடம் சொல்ல? ராமசுப்பு மாமாவிடம் போய், எங்கள் அப்பா பொய் சொல்லப் போகிறார் என்றா? எப்படித் தெரியும் என்று கேட்டால், தம்பிக்குப் பதில் என்னைக் கூட்டிப்போகிறார், அதனால் தெரியும் என்றா? சிரித்திருப்பார்கள். அதோடு, அப்பாவால் முடியாது என்றும் ஒரு எண்ணம் எனக்கு இருந்தது. நேரம் வரும்போது வாய் வராது என்று நினைத்தேன்.

தலைச்சன் சங்கதியைச் சொன்னபோது தெருவில் யாரும் மாற்றிப் பேசவில்லை. இசக்கியத்தை என் கன்னத்தைக் கிள்ளினாள். "பொட்டப்பிள்ளைன்னா என்ன, இவ தலையும் தலைதான். நாலு வருசமா பேன் பாத்து வச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கோவில்பட்டி வரை ரயில், அங்கிருந்து பஸ். சொந்தம் என்று உங்கள் வீட்டில்தான் வந்து இறங்கினோம். நீ அன்றைக்கு என் கண்ணைப் பார்த்து, "என்னட்டி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்று கேட்டாய். பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

காலையில் குளித்துவிட்டு வந்ததும் அம்மா என்னை முன்னால் உட்காரவைத்துத் தலை பின்னினாள். அம்மா எனக்குப் பூ வாங்கியது தீபாவளிக்குக்கூடக் கிடையாது. அன்றைக்கு ஒரு பெட்டி நிறைய வாங்கி வைத்திருந்தாள். மல்லிகை, கனகாம்பரம், மரிக்கொழுந்து. பிடரியில் இருந்து உச்சிவரை சுற்றிச் சுற்றி வைத்துக் கட்டினாள். கல்யாணப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு வைக்க மாட்டார்கள். "எடுத்திராத. முடியுத வரைக்கும் எடுத்திராத" என்று காதில் சொன்னாள். நான் தலையைத் தொட்டுப் பார்த்தேன். பூதான் தட்டுப்பட்டது. மயிர் தட்டுப்படவே இல்லை. அப்பா கையை வைத்தால் அது பூவில்தான் இருக்கும், என் தலையில் இருக்காது. சாமியை ஏமாற்ற அம்மா கண்டுபிடித்த வழி அது. என்னைத் தம்பிக்குப் பதிலாகக் கொடுத்தவளும் அவள்தான், எனக்குக் குடை பிடித்தவளும் அவள்தான். இரண்டையும் சேர்த்து எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

கோயிலுக்குள், சந்நிதிக்கு நேரே கல் தரையில், எங்கள் ஆட்கள் ஒரு பக்கமும் பிள்ளையும் அவருடைய ஆட்களும் ஒரு பக்கமுமாக நின்றார்கள். தாவூது மாமா கோபுரத்துக்கு வெளியே டீக்கடை வாசலில் நின்றுகொண்டார். அப்பா ஈர வேட்டியோடு வந்தார். தட்டில் சூடம் ஏற்றினார்கள்.

அப்பா கையைத் தூக்கினார். நான் இரண்டு கையாலும் பூவைப் பிடித்து இழுத்தேன். நார் அறுந்து மல்லிகை தரையெல்லாம் சிதறியது. கொஞ்சம் மயிரும் சேர்ந்து வந்தது. "இப்ப வையுங்கப்பா" என்றேன்.

பக்தி என்று நினைத்தார்கள். "நல்ல பிள்ளை" என்று பிள்ளையே சொன்னார். அம்மா மட்டும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

கை வந்து இறங்கியது. காய்ப்புக் காய்த்த கை. சூடம் பாதி கரைந்தது. அந்த நேரம் முழுக்க நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு நின்றேன், பூமாரி. வெறும் தலையில் கை பட்டுவிட்டது, இனிமேல் அவரால் முடியாது என்று நினைத்தேன்.

"கூலிக்குத்தான் தூத்தது," என்றார் அப்பா. "எங்க பாட்டனாரு பிள்ளைவாள் தாத்தாகிட்டக் கூலி வாங்கிட்டுத்தான் தூத்தாரு. இது சத்தியம்."

இன்னொரு கையால் சூடத்தை அடித்து அணைத்தார்.

இசக்கியத்தை மட்டும், "அய்யோ காசியண்ணே" என்றாள். ராமசுப்பு மாமா முகம் சாம்பலாகிவிட்டது. அவருக்குக் கோபம் வரவே நேரமாயிற்று. வந்ததும் அப்பாவை அடிக்கவில்லை, தில்லைநாயகம் பிள்ளையைப் பார்த்துத்தான் கத்தினார்.

"கெடு! சத்தியத்துக்குக் கெடு வைக்கணும். ஆடித் தபசு வரைக்கும் கெடு. அதுக்குள்ள இந்தப் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல், ஒரு தலைவலின்னு வந்தாலும் சத்தியம் பொய். ஒண்ணும் வரலன்னா நாங்களே வீட்டப் பிரிச்சுக்கிடுதோம்."

"நியாயந்தான்" என்றார் பிள்ளை.

என்னை யாரும் கேட்கவில்லை.

அன்றைக்கே நாங்கள் இந்த ஊர்க்காரர்கள் ஆகிவிட்டோம். சிப்பிமேட்டுக்குத் திரும்ப முடியுமா? பிள்ளை இந்த வீட்டைக் கொடுத்தார், உங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. அப்பாவுக்குப் பஞ்சுக் கிட்டங்கியில் மேஸ்திரி வேலை. இனிமேல் அவர் தோளில் எதையும் ஏற்ற வேண்டாம், ஏற்றச் சொன்னால் போதும். "நானும் எத்தன காலத்துக்குத்தான் அடுத்தவன் தூக்குன மூடைக்குக் கூலி வாங்க?" என்று அம்மாவிடம் ஒரு நாள் சொன்னார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசியதில்லை.

அதற்குப் பிறகு என்னைத் தாங்கிய மாதிரி எந்தப் பெண்ணையும் யாரும் தாங்கியிருக்க மாட்டார்கள். காலையில் பால், மத்தியானம் முட்டை. காளிராஜ் பால் கேட்டு அழுதால், "அக்காவுக்கு" என்று அம்மா அவனை அதட்டினாள். பிறந்ததில் இருந்து நான் கேட்காத வார்த்தை அது. வெயிலில் நிற்கக் கூடாது, மழையில் நனையக் கூடாது, புல்லில் கால் வைக்கக் கூடாது. பொய்ச் சத்தியம் பண்ணின வீட்டுக்குப் பாம்பு வரும் என்று நீயே ஒரு தடவை விளையாட்டாகச் சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? அன்றிலிருந்து அப்பா ராத்திரி அரிக்கன் விளக்கோடு என் பாயைச் சுற்றிப் பார்ப்பார். பார்த்துவிட்டு என் மூக்குக்கு நேரே கையை நீட்டுவார். மூச்சு பட்டதும் எடுத்துக்கொள்வார். நான் தூங்குகிற மாதிரி கிடப்பேன். பாம்பைவிட அந்தக் கைக்குத்தான் எனக்குப் பயம்.

சிப்பிமேட்டில் இருந்தும் வந்தார்கள். முதலில் ராமசுப்பு மாமா, பிறகு வேறு இரண்டு பேர், பிறகு மாதம் தவறாமல் இசக்கியத்தை. அவள் முறலும் நெத்திலியும் கருவாடாகக் கொண்டுவருவாள். பொட்டலத்தைப் பிரித்தால் எங்கள் தெருவே அறைக்குள் வந்து நிற்கும். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து நெற்றியைத் தொடுவாள், கழுத்தைத் தொடுவாள். "சாப்பிடுதியாட்டி? ராத்திரி இருமல் உண்டா? கனவு கினவு?" நான் ஒரு தடவை தும்மினேன். அவள் முகத்தில் வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். எழுந்து வாசலுக்குப் போய் வெகுநேரம் நின்றாள். அவள் மகளுக்குச் சிப்பிமேட்டு வீட்டில்தான் பிள்ளை பிறந்திருந்தது.

எனக்கு நோய் வந்தால் அவர்கள் பிழைப்பார்கள். வராவிட்டால் அப்பா யோக்கியன். நான் நன்றாக இருக்கிற ஒவ்வொரு நாளும் அப்பாவுக்காக நான் சொல்லும் சாட்சி. இதை நினைத்து நினைத்து ஒரு நாள் தலைக்குக் குளித்துவிட்டு ஈரப் பாவாடையோடு ராத்திரி முழுக்கக் கிடந்தேன், காய்ச்சல் வரட்டும் என்று. விடியும்போது, உண்மையிலேயே செத்துவிடுவேனோ என்று பயம் வந்தது. ஓடிப்போய்க் கோயிலில் புற்றுமண்ணை வாங்கி, நெற்றியில் பூசினது போதாமல் வாயிலும் அள்ளிப் போட்டுக்கொண்டேன். இரண்டும் நான்தான் செய்தேன். காய்ச்சல் வரவில்லை.

நேற்றுத்தான் வந்தது. தபசுக்கு முந்தின நாள்.

சாயங்காலம் கண் எரிந்தது. ராத்திரி உடம்பு முறுக்கியது. காலையில் அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு அப்பாவைக் கூப்பிடாமல், கதவைச் சாத்தினாள். கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாக என் தலையில் ஊற்றினாள். பல் கிடுகிடுவென்று அடித்தது. "இன்னைக்கு ஒரு பொழுதுதான் மக்கா. இன்னைக்கு ஒரு பொழுது பல்லக் கடிச்சுக்கோ." முகத்துக்குப் பவுடர் போட்டாள், புதுத் தாவணி கட்டிவிட்டாள். சுக்குக் கசாயத்தை வாயில் ஊற்றினாள்.

நீங்கள் எல்லாரும் தபசு பார்க்கப் போய்விட்டீர்கள். தேர்வீதியில் தலை மட்டுமே தெரிகிற கூட்டம். அம்மன் சப்பரத்தில் பருத்தியும் மிளகாய் வற்றலும் எறிகிற சனங்களின் சத்தம் பிள்ளை வீட்டுக் கூடம்வரை கேட்டது. அங்கேதான் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சிப்பிமேட்டில் இருந்து இருபது பேருக்குக் குறையாமல் வந்திருந்தார்கள். தாவூது மாமாவும் வந்திருந்தார். என்னைப் பார்த்து, "பாஸ்போட்டு இருக்கா?" என்று கேட்கவில்லை.

"இந்தா நிக்கா பாத்துக்கிடுங்க," என்றார் பிள்ளை. "கையில, காலுல எதுவும் குறை இருக்கா?"

ராமசுப்பு மாமா கிட்டே வந்து பார்த்தார். "கண்ணு செவந்திருக்கே?"

"தபசுக் கூட்டத்துத் தூசி" என்றார் அப்பா.

"இசக்கி, தொட்டுப் பாரு."

இசக்கியத்தை வந்தாள். கூடத்தில் அவ்வளவு பேர் இருந்தும் அவள் மெட்டிச் சத்தம் எனக்குத் தனியாகக் கேட்டது. நெற்றியில் கையை வைத்தாள். மிளகாய் பொறுக்கின கை, எனக்கு அதன் எரிச்சல்கூடத் தெரிந்தது. அவள் கை திடுக்கென்று பின்னால் போனது. மறுபடி வந்து அழுந்தியது. கழுத்துக்கு இறங்கியது. நான் கொதித்துக்கொண்டிருந்தேன், பூமாரி. சட்டி மாதிரி. அவளுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. நான் அவள் கண்ணைப் பார்த்தேன். சொல்லிவிடு என்று பார்த்தேனா, சொல்லாதே என்று பார்த்தேனா, எனக்கே தெரியவில்லை. அழுகை வந்தது. என் வயதுதானே அவளுடைய இரண்டாவது மகளுக்கும்.

"குளுந்துதான் இருக்கு" என்றாள்.

"நல்லாப் பாத்தியா?" என்றார் ராமசுப்பு மாமா.

"அஞ்சு பெத்தவகிட்டக் காய்ச்சலப் பத்திக் கேக்கீரா? பிள்ளை நல்லாத்தான் இருக்கா. போவும்."

அவர் தன் கையைக் கொஞ்சம் தூக்கினார், என்னைத் தொட. அவள் நடுவில் நின்றுகொண்டாள். "வயசுப் பிள்ளைய ஆம்பள தொடலாமா? நான் சொல்லுதேன்லா?"

அவ்வளவுதான். ராமசுப்பு மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். யாரையும் திட்டவில்லை. பிள்ளை எல்லாருக்கும் சாப்பாடு போட்டிருப்பதாகச் சொன்னார், ஒருவரும் உட்காரவில்லை. தாவூது மாமா வெளியே போகும்போது அப்பா பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றார். "மண்ணெல்லாம் அள்ளிட்டுப் போகவா காசி, இல்ல கூலிக்குத் தூத்ததுன்னு விட்டுட்டுப் போகவா?"

இசக்கியத்தை கடைசியாகப் போனாள். போகும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. காய்ச்சல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீடுகள் பிழைத்திருக்கும், நான் சாமி தண்டித்த பிள்ளை ஆகியிருப்பேன். நாளையிலிருந்து அவள் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போய் இருப்பாள் என்று எனக்குத் தெரியாது. வீட்டைப் பிரிக்கக் கூலிக்குக்கூட வேறு ஆட்கள் இல்லையாம், அவர்களே பிரிக்கப் போகிறார்களாம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா குளித்தார், திருநீறு பூசினார், இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு வெற்றிலை போட்டுக்கொண்டு அம்மாவிடம் சொன்னார். "நானும் யோசிச்சுப் பாத்தேன். சின்னப்பிள்ளையில எங்கய்யா சொல்லிக் கேட்ட ஞாபகம் இருக்கு. கூலிக்குத்தான் தூத்திருப்பாக போல. இல்லன்னா சாமி சும்மா விடுமா?"

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நம்பிவிட்டார். இன்றைக்கு ராத்திரி விளக்கை எடுத்துக்கொண்டு என் பாய்க்கு வரவும் இல்லை. அதோ, குறட்டை கேட்கிறது பார்.

எனக்கு இன்னும் குளிர்கிறது. கெடு முடிந்துவிட்டது என்று சாமிக்குத் தெரியுமா? அம்மாவிடம் சொன்னால், சும்மா கிட என்பாள். உன் கையைக் கொடு. இங்கே வை, நெற்றியில். எப்படி இருக்கிறது என்று சொல். மெதுவாகச் சொல், ஆனால் இருக்கிறபடி சொல்.